ஆய்வு மேசை: முனைவர் பட்டம் பற்றி வாசகர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே" ரகம். தரவு திரட்டி முடித்த பிறகு அனுமதி கேட்கிறார்கள். ஆய்வேடு எழுதி முடித்த பிறகு அடிக்குறிப்பைத் தேடுகிறார்கள். தமிழ், வரலாறு, சமூகவியல், மருத்துவம் என்று துறை எதுவானாலும் இடறல் பெரும்பாலும் வரிசை மாறிப்போவதில்தான் இருக்கிறது. விதிகள் பற்றிய பதில்கள் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை ஒட்டியவை. உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு மேலும் நிபந்தனை வைத்திருக்கலாம். அந்த விதிநூலையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.

வங்கியில் வேலை பார்க்கிறேன். எம்.ஏ. தமிழில் 54 விழுக்காடு. பகுதிநேரமாக பிஎச்.டி. சேர முடியுமா? ஆன்லைனிலேயே முடித்துத் தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. அதை நம்பலாமா?
— வாசகர், திண்டுக்கல்

இரண்டாண்டு முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். 54.6 இருந்தாலும் அதை 55 ஆக்கிக்கொள்ள வழியில்லை. ஆனால் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், கிரீமிலேயர் அல்லாத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. அந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் 54 தாராளமாகப் போதும். கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்றிதழின் தேதி தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விண்ணப்பம் திரும்பி வருவது பல நேரம் அதனால்தான்.

பகுதிநேரம் சேரலாம். அதற்கு நிறுவனத்தின் தடையின்மைச் சான்று கட்டாயம். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரிக் கடிதம் செல்லாது. பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கிறோம், ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய பணி இடம் கொடுக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் (பிஎச்.டி.யில் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) முடிக்க விடுவிப்போம் என்று மூன்று விஷயமும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதிக் கொடுக்கத்தான் மேலதிகாரிகள் தயங்குவார்கள். விண்ணப்பம் போடும் வாரத்தில் ஓடாமல் இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

சேர்க்கைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண் பெரிதும் உதவும். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) உடன், உதவிப் பேராசிரியர் தகுதியுடன், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையினருக்குத் தேர்வு மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு என்று கணக்கு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும்.

ஆன்லைன் விளம்பரத்தைக் கிழித்துப் போடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து இணைய நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சேர்ந்தே 2022 அக்டோபரில் எச்சரித்தன.

"தமிழ் நாவல்களில் பெண்" என்று தலைப்பு கொடுத்தேன். டாக்டரல் கமிட்டியில் "ரொம்ப அகலம்" என்று திருப்பிவிட்டார்கள். எப்படிக் குறுக்குவது?
— வாசகி, கும்பகோணம்

தலைப்பை அப்படியே வைத்துவிட்டு "1980 முதல் 2000 வரை" என்று வால் ஒட்டுவதைத்தான் பலரும் குறுக்குவதாக நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் காலம் சுருங்கும், கேள்வி பிறக்காது. கேள்விக்குறியில் முடியும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். உதாரணமாக: "வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தை யார் செலவழிக்கிறார் என்பதை வார இதழ்த் தொடர்கதைகள் எப்படிக் காட்டின, அதே கதைகள் நூலானபோது அந்தப் பகுதிகளில் என்ன மாறியது?" இதற்குப் பதில் தேட எதைப் படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டாம் என்று உடனே தெரிகிறது பாருங்கள்.

அடுத்து, பக்கத்தை எண்ணுங்கள். 12 நாவல், ஒவ்வொன்றும் 300 பக்கம் என்றால் 3,600 பக்கம். நுணுக்கமாக, குறிப்பெடுத்து, இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 40 பக்கம் என்றால் 180 நாள். மூன்றாண்டுத் திட்டத்தில் இது தாங்கும். 40 நாவல் என்றால் தாங்காது. கதைச்சுருக்கம் எழுதித்தான் பக்கத்தை நிரப்புவீர்கள். கதைச்சுருக்கத்தால் வீங்கிய ஆய்வேடுகள் தமிழில் நிறையவே இருக்கின்றன. இன்னொன்று சேர வேண்டாம்.

காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா என்ற ஆய்வேட்டுக் களஞ்சியத் தளத்தில் உங்கள் தலைப்பைத் தேடாமல் கமிட்டி முன் போகாதீர்கள். தமிழ் ஆய்வேடுகள் அங்கே பலவிதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும். பல கோப்புகள் வெறும் ஸ்கேன் படம் என்பதால் உள்ளே தேட முடியாது. நாவலாசிரியரின் பெயரை மூன்று நான்கு விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள், துறைவாரியாகவும் ஒரு சுற்று பாருங்கள். ஏற்கெனவே ஒருவர் செய்திருந்தால் மனம் தளர வேண்டாம். அவர் எங்கே நிறுத்தினார் என்பதுதான் உங்களுக்குத் தொடக்கம்.

பழைய அம்மானை (கதைப்பாடல்) பதிப்பு ஒன்று கிடைத்தது. முகப்பில் "விகாரி வருடம் தை மாதம்" என்று மட்டும் இருக்கிறது. 1899 என்று போட்டேன். தப்பு என்கிறார் நெறியாளர். ஏன்?
— வாசகர், பாளையங்கோட்டை

உங்கள் நெறியாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது, அறுபதாண்டு வட்டம். விகாரி 1839-40இலும் வந்தது, 1899-1900இலும் வந்தது, 1959-60இலும் வந்தது, 2019-20இலும் வந்தது. எழுத்துரு, தாள், விலை எல்லாவற்றையும் வைத்து 1899-1900 என்று முடிவுகட்டினீர்கள் போலும். முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் அதற்கான காரணத்தை அடிக்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். 1835இல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு நம்மவர்கள் நடத்திய அச்சகங்கள் பெருகின. ஆகவே 1839-40ஐ எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது கண்ணி தை மாதம். விகாரி 1899 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. அந்த ஆண்டின் தை பிறந்தபோது ஆங்கில ஆண்டு மாறிவிட்டது. எனவே விகாரி தை என்பது 1900 ஜனவரி-பிப்ரவரி. சித்திரை முதல் மார்கழியின் முற்பாதி வரை முதல் ஆண்டு. மார்கழி பாதியிலிருந்து பங்குனி வரை அடுத்த ஆண்டு. மாதம் தெரியாவிட்டால் 1899-1900 என்று இரட்டையாகவே போடுங்கள். தெரிந்தது அவ்வளவுதான் என்று சொல்வதில் தவறில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து நூல் என்றால் உள்ளே எங்காவது கொல்லம் ஆண்டு இருக்கும். சாற்றுகவி (நூலைப் பாராட்டும் பாடல்), முகவுரை, கடைசிப் பக்கம் எல்லாம் பாருங்கள். கொல்லம் ஆண்டு ஆவணியை ஒட்டிப் பிறக்கும். அதோடு 824 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு, 825 கூட்டினால் முடிந்த ஆண்டு. "கொல்லம் 1075" என்றிருந்தால் 1899 ஆகஸ்டிலிருந்து 1900 ஆகஸ்ட் வரை. விகாரி தை அதற்குள் சரியாக வந்து உட்காருகிறது. 1839-40 அதோடு கழன்றுவிடும். சாலிவாகன சகம் 1821 என்றாலும், கலியுகம் 5000 என்றாலும் அதே 1899-1900தான். சகத்துக்கு 78 கூட்டுங்கள். கலிக்கு 3,101 கழியுங்கள். கலியாண்டில் நடப்பு ஆண்டா, சென்ற ஆண்டா என்ற குழப்பத்தால் ஒன்று கூடக் குறைய வரும். கலி மட்டும் கிடைத்தால் அறுபதாண்டுப் பெயரோடு பொருத்திப் பார்க்காமல் எழுதாதீர்கள்.

வேறு வழியும் உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாகாணமும் அச்சான நூல்களின் காலாண்டுப் பட்டியல் வெளியிட்டது. சென்னை மாகாணப் பட்டியலில் உங்கள் நூல் அகப்பட்டால் அச்சகத்தின் பெயரோடு பதிப்பு விவரமும் கிடைக்கும். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் வேறொரு படி இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுபதிப்பாளர் முதற்பதிப்பின் முகப்பை அப்படியே எடுத்து அச்சிட்டதும் உண்டு. இரண்டு படிகளைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் குட்டு உடையும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்தேன். இப்போது அடிக்குறிப்பு போட உட்கார்ந்தால் பல இடங்களில் அரசாணை எண் மட்டும்தான் இருக்கிறது.
— வாசகி, ஆரணி

எண் மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு துறைக்கும் தனி வரிசை, ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடக்கம். அரசாணை 500 என்றால் வருவாய்த் துறையிலும் ஒன்று இருக்கும், பொதுத் துறையிலும் ஒன்று இருக்கும், அடுத்த ஆண்டும் இரண்டு இருக்கும். எண், துறை, முழுத் தேதி, ஆணை எந்த வகைத் தொடர் என்ற நான்கும் சேர்ந்தால்தான் முகவரி.

மீட்க ஒரு வழி இருக்கிறது. நோட்டில் அந்தக் குறிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளின் ஆண்டையும் துறையையும் பாருங்கள். அன்று அதே கட்டைத்தான் புரட்டியிருப்பீர்கள். பிறகு அந்த ஆண்டின் சுட்டித் தொகுதியில் பொருளை வைத்துத் தேடி எண்ணை உறுதிசெய்யலாம். இன்னும் இரண்டு மூன்று நாள் எழும்பூரில் உட்கார வேண்டிவரும். உறுதியாகாதவற்றை விட்டுவிடுங்கள், எவ்வளவு அருமையான மேற்கோளாக இருந்தாலும்.

அடுத்த முறை குறிப்பை எழுதுமுன் முகவரியை எழுதுங்கள். ஆவணத்தின் வாசகத்தை மேற்கோள் குறிக்குள்ளும் உங்கள் கருத்தைச் சதுர அடைப்புக்குள்ளும் போடுங்கள். ஓராண்டு கழித்து இரண்டும் ஒரே குரலில்தான் உங்களோடு பேசும். எது யாருடையது என்று தெரியாது. திருட்டுக் குற்றச்சாட்டில் சிக்குபவர்களில் பலர் திருடியவர்கள் அல்ல. இந்த அடைப்புக்குறியைப் போடாதவர்கள்.

மருத்துவக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சர்க்கரை நோயால் காலில் புண் வந்த நோயாளிகளின் தரவை இரண்டு ஆண்டாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இதையே பிஎச்.டி.க்குப் பயன்படுத்தலாமா? எத்திக்ஸ் கமிட்டியில் இப்போது அனுமதி வாங்கிக்கொள்ளலாம் அல்லவா?
— வாசகர், மதுரை

முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிகளின்படி ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆனாலும் உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பு முழுக்கப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தரவை இரண்டாகப் பிரியுங்கள்.

வழக்கமான சிகிச்சையின்போதே கேஸ் ஷீட்டில் ஏறியவை (ரத்தச் சர்க்கரை அளவு, புண்ணின் நிலை, எந்த மருந்து, எத்தனை நாள் வார்டில்) ஒரு பக்கம். இவற்றைப் "பழைய மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வு" என்று புதிதாக விண்ணப்பித்து, பெயர், மருத்துவமனை எண், தொலைபேசி எண் எல்லாம் நீக்கிய வடிவில் பயன்படுத்த அனுமதி கேட்கலாம். நோயாளியிடம் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கும் அதிலேயே கேட்க வேண்டும்; கொடுப்பதும் கொடுக்காததும் குழுவின் முடிவு.

ஆய்வுக்கென்றே கூடுதலாக எடுத்தவை (தனியாக எடுத்த ரத்தம், கேட்ட கேள்விகள், கைபேசியில் எடுத்த புண்ணின் படங்கள்) மறுபக்கம். ஒப்புதல் இல்லாமல் எடுத்திருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். ஆய்வேட்டின் ஒரு மூலையில் அவற்றைச் செருகினாலும் மொத்த ஆய்வேடும் ஆட்டம் காணும்.

அனுமதிக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், தரவுப் படிவம், நோயாளிக்கான தகவல் தாள், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒப்புதல் படிவம், மொழிபெயர்ப்பு சரிதான் என்ற சான்று, ஆய்வாளர்களின் விவரம், செலவுக் கணக்கு. குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். தலைவர் வெளி நிறுவனத்தவர். கூட்டம் நடக்கக் குறைந்தது 5 பேர் வேண்டும். சட்டம் தெரிந்தவரும் மருத்துவம் படிக்காத பொதுமகன் ஒருவரும் அதில் உண்டு. படிவத்தைப் பெரும்பாலும் அந்தப் பொதுமகன்தான் வார்த்தை வார்த்தையாகப் படிப்பார்.

விண்ணப்பங்கள் அடிக்கடி திரும்பி வருவது தமிழ் ஒப்புதல் படிவத்தால். ஒரு மாதிரி பாருங்கள்: "இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்பதன் வாயிலாக ஏற்படக்கூடிய பாதக விளைவுகள் மிகக் குறைந்த அளவினதாகும்." இதை வார்டில் படுத்திருக்கும் எந்த நோயாளிக்கும் படித்துக் காட்ட முடியாது. இப்படி எழுதுங்கள்: "உங்கள் கையிலிருந்து 5 மில்லி ரத்தம் எடுப்போம். ஒரு டீஸ்பூன் அளவு. ஊசி குத்தும்போது வலிக்கும். அந்த இடம் ஒன்றிரண்டு நாள் கன்றியிருக்கலாம். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் இங்கே உங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறையாது. நடுவில் விலகிக்கொள்ளவும் செய்யலாம்." எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் ஆய்வில் சம்பந்தம் இல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வார்டு நர்ஸை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

இனி புதிதாக ஒரு மருந்தையோ கட்டுப் போடும் முறையையோ ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடு) பதிவு வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1இலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பதிந்தால்தான் ஏற்கிறார்கள். எத்திக்ஸ் கமிட்டி கடிதம் கைக்கு வந்த பிறகு, பதிவு எண் வருவதற்குள் "ஒருத்தர்தானே" என்று ஒரு நோயாளியைச் சேர்ப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். சேர்த்த தேதி பதிவுத் தேதிக்கு முன்னால் இருந்தால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் தொடக்கூடச் செய்யா.

செவிலியர் துறையில் பிஎச்.டி. செய்கிறேன். "மாதிரி அளவு 100 போதும்" என்கிறார்கள். தேர்வாளர் "ஏன் 100?" என்று கேட்டால் என்ன சொல்வது?
— வாசகி, வேலூர்

"கைடு சொன்னார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லாவிட்டால் 100 வேண்டாம்.

ஒரு சமூகத்தில் ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அளக்கும் ஆய்வுக்குக் கணக்கு எளிது: 1.96இன் (95 விழுக்காடு நம்பகத்துக்கான எண்) வர்க்கத்தை எதிர்பார்க்கும் விகிதத்தால் பெருக்கி, அது இல்லாதவர்களின் விகிதத்தாலும் பெருக்கி, ஏற்கத்தக்க பிழையின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். முந்தைய ஆய்வில் 20 விழுக்காடு, நீங்கள் ஏற்கும் பிழை 5 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 3.84 × 0.20 × 0.80 ÷ 0.0025 = 246. பத்தில் ஒருவர் பதில் சொல்ல மாட்டார் என்றால் 246ஐ 0.9 ஆல் வகுத்து 274. (பத்து விழுக்காட்டைக் கூட்டி 271 என்று போடுவது பரவலான சின்னத் தவறு.) வீடு வீடாகத் தனியாள்களைத் தேர்ந்தெடுக்காமல் கிராமம் கிராமமாகக் கொத்துக் கொத்தாக எடுத்தால், ஒரே கிராமத்தார் ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் இன்னும் ஆள் வேண்டும். வழக்கமாக 2 ஆல் பெருக்குவார்கள்: 492, பதில் வராதவர்களையும் சேர்த்தால் 547.

இந்த "5" எதைக் குறிக்கிறது என்பதில்தான் ஆய்வேடுகள் கவிழ்கின்றன. 20 விழுக்காட்டுக்கு முன்னும் பின்னும் 5 புள்ளி என்றால் 15 முதல் 25 வரை. சிலர் "விகிதத்தில் 20 விழுக்காடு" என்று பிழையை எடுப்பார்கள். அது 4 புள்ளி, ஆள் கணக்கு 385 ஆகிவிடும். எது என்று எழுதாவிட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது. அரிய நோய் என்றால் நிலைமை வேடிக்கையாகிவிடும்: 2 விழுக்காடு, பிழை 5 புள்ளி என்று போட்டால் 31 பேர் போதும் என்று சூத்திரம் சொல்லும்! 2க்கு முன்னும் பின்னும் 5 என்றால் கழித்தல் மூன்றிலிருந்து ஏழு வரை. கழித்தல் மூன்று பேருக்கு நோய் வருமா?

இரண்டு குழுவை ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்தச் சூத்திரமே பொருந்தாது. எவ்வளவு வித்தியாசம் வந்தால் சிகிச்சையில் பயன் உண்டு என்று முதலில் தீர்மானித்து, 80 விழுக்காடு வலுவோடு (அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) கணக்கிட வேண்டும். புள்ளியியல் ஆசிரியரிடம் தரவோடு போகாதீர்கள். தரவுக்கு முன் போங்கள்.

குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர் 40 பேரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். ஆய்வேடு ஆங்கிலத்தில். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டுப் பகுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். முதலில் தமிழில், அவர்கள் பேசிய கொங்குத் தமிழிலேயே எழுத்தாக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். தறிச் சத்தத்துக்கு நடுவே எடுத்த பதிவு என்றால் இன்னும் கூடும். 40 பேர், ஆளுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் 50 மணி நேரப் பேச்சு. எழுத 200 முதல் 300 மணி நேரம். இதைத் திட்டத்தில் எழுதாதவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுகிறார்கள். பேட்டி எடுத்த அன்றே எழுதத் தொடங்குங்கள். பத்துப் பேட்டி முடித்ததும் நிறுத்திப் படியுங்கள். கேள்வியில் என்ன விட்டுப்போனது என்று அப்போதுதான் தெரியும்.

பகுப்பாய்வுக் குறியீடும் தமிழ் எழுத்தாக்கத்தின் மேல்தான் போட வேண்டும். தறிக்காரரிடம் முன்பணம் வாங்கி வேலை செய்பவர் "பாக்கி இருக்குது" என்கிறார். ஆங்கிலத்தில் அதைக் கடன் என்று ஆக்கிவிட்டால் வட்டிக்காரரிடம் வாங்கியதும் அதுவும் ஒன்றாகிவிடும். பாக்கி வேலையோடு ஒட்டியது. அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போனால் புது முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி ஆளை எடுப்பார். உங்கள் ஆய்வின் மையமே அந்த ஒரு சொல்லில் இருக்கலாம். ஆய்வேட்டில் "பாக்கி" என்றே விட்டு, முதல் தடவை விளக்கம் கொடுங்கள். மேற்கோளாக எடுக்கும் பகுதிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். தமிழ் மூலம் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். "52 வயது, இரண்டு மகள், தெருமுனைப் பட்டறை, 2019இல் சங்கத்தில் இருந்தவர்" என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்கும் புரிந்துவிடும். வயதை "ஐம்பதுகளில்" ஆக்குங்கள், பட்டறையின் இடத்தை எடுத்துவிடுங்கள், இரண்டு விவரத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். பெயர்ப்பட்டியலும் குரல்பதிவும் ஒரே லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் இருக்கக் கூடாது.

தமிழில் எழுதிய ஆய்வேடு. ஒப்புமைச் சோதனையில் (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் பார்ப்பது) 0 விழுக்காடு வந்தது. நண்பருக்கு 38. எனக்கு மகிழ்ச்சி, அவருக்குக் கலக்கம்.
— வாசகர், தஞ்சாவூர்

மகிழ்ச்சியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் மென்பொருளுக்குத் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். உலகில் எதோடும் அது ஒத்துப்போகாது. கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரியாவிட்டால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. யூனிகோடுக்கு மாற்றி மறுபடி சோதியுங்கள். மாற்றியில் கொம்பும் ஒற்றும் இடம் மாறும். மெய்ப்பு பார்க்க ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

நண்பருக்கு: யுஜிசியின் 2018 விதிப்படி 10 வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் மூலம் சுட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகங்கள் ஆகியவை கணக்கில் வராது. சங்கப் பாடல்களை மேற்கோள் காட்டும் தமிழ் ஆய்வேட்டில் பாட்டே ஒப்புமையைத் தூக்கிவிடும். மேற்கோள்களை விலக்கி மறுபடி அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். பாட்டை எடுத்த பிறகும் உரை விளக்கம் வண்ணமாக நின்றால் அது உரையாசிரியருடையது. சொல்லை மாற்றித் தப்பிக்கப் பார்க்காமல் அவர் பெயரைப் போடுங்கள்.

யுஜிசி கேர் பட்டியல் (ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் பட்டியல்) போய்விட்டது என்கிறார்கள். "7 நாளில் கட்டுரை வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆய்வேடு கொடுக்கக் கட்டுரை வேண்டுமே?
— வாசகி, சேலம்

கேர் பட்டியலை நிறுத்தியதாக 2025 பிப்ரவரியில் யுஜிசி அறிவித்தது. அதற்கு முன்பே, 2022 ஒழுங்குமுறையில், ஆய்வேடு தருமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பொது விதி எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறதா என்று எழுத்தில் விசாரியுங்கள். 7 நாளில் இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லித் திருத்தம் வாங்கி அச்சிடுவது நடக்காத காரியம். அனுப்புவது பணத்தை மட்டுமல்ல, உங்கள் நல்ல அத்தியாயம் ஒன்றையும்தான். அங்கே போட்டால் வேறு எங்கும் போட முடியாது.

நெறியாளர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு வேலை இருக்கிறது. நடுவில் பேறுகால விடுப்பும் வரும்.
— வாசகி, நாகர்கோவில்

ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதியவரைச் சேர்க்கக் கூடாதே தவிர, ஏற்கெனவே இருப்பவருக்கு ஓய்வு நாள் வரை நெறியாளராக இருக்கலாம். அதற்குப் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராகத் தொடரலாம். புது நெறியாளரின் ஒப்புதல் கடிதத்தைப் பழையவர் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ள முடியும். இடம் காலியாக இருப்பவர் யார் என்று துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பேறுகாலம், குழந்தைப் பராமரிப்புக்கு ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை விடுப்பு உண்டு. மொத்த அவகாசம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு தளர்வு. எப்படிப் போனாலும் 10ஐத் தாண்டாது. விடுப்பு விண்ணப்பத்தை நெறியாளர் வழியாக அனுப்பி, ஆணை நகல் ஒன்றை உங்கள் கோப்பில் வையுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு முன் தேதிக் கணக்குப் போடும்போது அலுவலகம் அந்தத் தாளைத்தான் கேட்கும்.